பதினேழாவது லாக்

ஆயில் மாற்றும்போது சத்தம் வரக் கூடாது. சம்ப் நட்டைக் கழற்றினால் ஆயில் கறுப்புக் கயிறு போல இறங்கும், மெலியும், சொட்டும், நிற்கும். அன்று மதியம் அந்தக் கயிறு மெலிய ஆரம்பித்த நேரத்தில் தட்டில் 'டிங்' என்று என்னவோ விழுந்தது. வண்டிக்கு அடியில் படுத்திருந்த பையன் உடனே எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்துத்தான், "பாய், உள்ளேர்ந்து இன்னாவோ வந்துகீது" என்றான்.

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில், ஊர் முடிந்து கோட்டை ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது பாயின் பட்டறை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம், மரத்தில் சாய்த்து வைத்த மொட்டை டயர்கள். மேற்கே பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் கிருஷ்ணகிரி, இடது கைப்பக்கம் ராஜகிரி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று இந்த மலைகளின் மேல் இருக்கிறது. பாய்க்கு அதைப் பற்றிப் பெரிதாக அபிப்பிராயம் கிடையாது. மலை ஏறப் போகிறவர்கள் வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள் என்பது மட்டும்தான் அவருடைய புகார்.

வண்டி என்னுடையது. நான் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத பழைய அம்பாசடர். பெட்ரோல், 1489 சிசி. 2014 மே மாதம் உத்தர்பாராவில் தயாரிப்பு நின்றுபோன ஒரு காரை இந்தக் காலத்தில் எதற்கு வாங்கினாய் என்று கேட்காதவர்கள் இல்லை. பழைய வண்டி மோகம் எல்லாம் இல்லை. அம்மாவுக்கு மூட்டுவலி. தாழ்வான காரில் அவளால் குனிந்து உட்கார முடியாது. உட்கார்ந்துவிட்டால் எழ முடியாது. அம்பாசடரின் சீட் நாற்காலி உயரம். கதவைத் திறந்து, திரும்பி, உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். விழுப்புரம் பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் விற்கிறார் என்று தெரிந்தபோது, அம்மாவைக் கூட்டிப் போய் உட்கார வைத்துப் பார்த்துதான் விலை பேசினேன். அப்போது வாத்தியார் சொன்னதாக என் நினைவில் இருந்த வாக்கியம் இது: "இன்ஜின்ல கையே வெச்சது கிடையாது தம்பி."

அன்றைக்கு அமாவாசை. ராத்திரி மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஊஞ்சல் உற்சவம். செஞ்சியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் இடித்துப் பிடித்துப் போக முடியாமல் மூன்று வருஷமாக அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வேண்டுதல். "கார் வந்தாச்சு, இந்த அமாவாசைக்குக் கட்டாயம்" என்று நான்தான் வாக்கு கொடுத்திருந்தேன். போகும் முன் ஆயிலை மாற்றிவிடலாம் என்று பட்டறைக்கு வந்தேன். அரை மணி நேர வேலை.

பையன் தட்டில் கைவிட்டுத் துழாவி எடுத்ததை பாய் பெட்ரோலில் அலசி, பனியன் வேஸ்ட்டில் துடைத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஓர் இரும்புத் துண்டு. ஒரு சின்ன மோதிரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெளிப்பக்கத்தை மட்டும் கூம்பாகச் சீவினால் எப்படி இருக்குமோ அப்படி. உட்பக்கம் ஒரு மெல்லிய வரம்பு. அந்த வரம்பு மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது.

பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று பட்டறையில் உண்டு. அதைக் கிட்டே கொண்டுபோனதும் துண்டு தாவி ஒட்டிக்கொண்டது.

"இரும்பு. அப்ப பிஸ்டன் ஒடைஞ்சது இல்ல, அது அலுமினியம். பேரிங் உதிர்ந்தா ஜிகினா மாதிரி தூளா வரும், காந்தம் இழுக்காது" என்றார். இதெல்லாம் எனக்காகச் சொன்னது. அவருக்கு அது என்னவென்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. "வால்வு லாக்கு தம்பி."

இன்ஜினுக்குள் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடவும் புகையை வெளியே விடவும் சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள். ஒவ்வொன்றும் நீளக் காம்புள்ள காளான் போல இருக்கும். காம்பைச் சுற்றி ஒரு ஸ்பிரிங், வால்வை எப்போதும் மேலே இழுத்து மூடி வைத்திருக்கும். அந்த ஸ்பிரிங்கின் தொப்பியையும் காம்பையும் ஒன்றாகப் பிடித்து வைப்பவைதான் இந்த லாக்குகள், ஒரு காம்புக்கு இரண்டு. காம்பின் தலைக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கும். லாக்கின் உள் வரம்பு அதில் உட்காரும். தொப்பியின் ஓட்டை கூம்பு வடிவம். ஸ்பிரிங் தொப்பியை மேலே தள்ளத் தள்ள, இரண்டு துண்டுகளும் காம்பை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். மரையோ வெல்டிங்கோ கிடையாது. நெருக்கம் மட்டும்தான் பிடிமானம்.

இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அந்த வேகத்தில் ஒரு லாக் நழுவினால் அடுத்தது தனியாக நிற்காது. தொப்பி கழன்றுகொள்ளும், வால்வு சிலிண்டருக்குள் விழும், மேலே வரும் பிஸ்டன் அதை இடிக்கும். அப்புறம் இன்ஜின் இல்லை, பழைய இரும்பு.

"அப்ப இதுல ஒண்ணு கழண்டு விழுந்திருக்கா? இவ்வளவு நாள் ஓட்டினேனே பாய்!"

"ஓடினதுதான் எனக்கும் இடிக்குது" என்றார்.

நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போனில் தேட ஆரம்பித்தேன். வால்வு விழுந்த இன்ஜின்களின் படங்கள் வரிசையாக வந்தன. ஓட்டை விழுந்த பிஸ்டன்கள், வாழைப்பழம் போல வளைந்த வால்வுகள். போன வாரம்தான் அம்மாவை வைத்து இந்த வண்டியில் திண்டிவனம் போய்வந்தேன். வாத்தியாரின் முகம் நினைவுக்கு வந்தது. நெற்றியில் விபூதி, பேச்சில் அவ்வளவு பணிவு. பொய். அவரிடம் என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். அவள் ஆபரேஷன் தியேட்டரில் ஸ்டாஃப் நர்ஸ். டியூட்டி முடித்து திண்டிவனத்திலிருந்து நேராக செஞ்சிக்கு வருகிறாள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். நான் நடந்ததை எல்லாம் கொட்டினேன்.

"மொத்தம் எத்தனை இருக்கணும்?" என்றாள்.

"நாலு சிலிண்டர், எட்டு வால்வு, ரெண்டு ரெண்டு... பதினாறு."

"இப்ப உள்ள எத்தனை இருக்கு?"

"தெரியல."

"எண்ணாமயே நீ எதுக்குடா பயந்து சாகற?"

பாய்க்கு இது கேட்டுவிட்டது. "உங்க அக்கா எந்தப் பட்டறையில இருக்காங்க?" என்று சிரித்தார். ஆனால் உடனே எண்ணப் போகவில்லை. அதற்கு முன் அவர் ஒரு கேள்வியைத் தீர்க்க வேண்டியிருந்தது. இது இந்த இன்ஜினிலிருந்துதான் விழுந்ததா?

ஆயில் பிடித்த தட்டு, பக்கவாட்டில் வெட்டிய பழைய டின். அதே டின்னில்தான் பட்டறையில் சாமான் கழுவுவார்கள். பையனிடம் கேட்டார். போன வாரம் ஒரு மினி லாரியின் வால்வுகளை அதில் கழுவியதாகச் சொன்னான். அதிலிருந்து ஒன்று அடியில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கலாம் இல்லையா? எனக்கு உயிர் வந்தது. பாய் மூலையிலிருந்த தகர டப்பாவைக் கவிழ்த்து, என்றைக்கோ கழற்றிப் போட்ட அம்பாசடர் வால்வு ஒன்றைத் தேடி எடுத்தார். லாக்கை அதன் காம்பில் வைத்து அழுத்தினார். வரம்பு பள்ளத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. மினி லாரி வால்வு ஒன்றில் வைத்தார். காம்பு மெலிசு, லாக் கொடகொடவென்று ஆடியது. இந்தப் பட்டறைக்கு இந்த வருஷம் வந்த அம்பாசடர் என்னுடையது ஒன்றுதான். வந்த உயிர் திரும்பப் போனது.

ஆக, இது அம்பாசடருடையது. ஆனால் எங்கிருந்து வந்தது என்பதை அந்தத் துண்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. செஞ்சிக்காரர்களுக்கு இது புரியக் கஷ்டமில்லை. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கருங்கல் தூண்களை எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். அவை எங்கள் கோட்டைக்குள் இருக்கும் வெங்கடரமணர் கோயிலைச் சேர்ந்தவை. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியைப் பிடித்து, 1761 வரை வைத்திருந்தார்கள். தூண்கள் அவர்கள் கைக்குப் போயின. கடற்கரையில் பார்த்தால் அவை அழகான தூண்கள், அவ்வளவுதான். என்ன நடந்தது என்பது, இங்கே கோயிலின் வெறிச்சோடிய மண்டபங்களில் நின்று பார்க்கும்போதுதான் உறைக்கும். அனாதையாகக் கிடக்கும் பொருள் தன் இனத்தை மட்டும்தான் சொல்லும். கதையைத் தெரிந்துகொள்ள, அது கிளம்பிய வீட்டில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாய் பானட்டுக்குள் குனிந்தார். டாப்பெட் கவரை இரண்டே இரண்டு நட்டுகள்தான் பிடித்திருக்கின்றன. பையன் நட்டு, வாஷர், ரப்பர் எல்லாவற்றையும் கழற்றி மட்கார்டின் மேல் வைத்தான். அம்பாசடரின் மட்கார்டு ஒரு மேஜைக்குச் சமம். காந்தமும் டார்ச்சும் டீ கிளாஸும்கூட அங்கேதான் இருந்தன. கவரைத் தூக்கியதும் எட்டு ஸ்பிரிங்குகளும் வரிசையாகத் தெரிந்தன. நான் டார்ச் அடித்தேன். பாய் சொல்லச் சொல்ல பையன் விரல் விட்டு எண்ணினான். ராக்கர் மறைத்த இடங்களில் ஒரு சின்னக் கண்ணாடியை நுழைத்துப் பார்த்தார்.

பதினாறு.

மறுபடி எண்ணினோம், பின்னாலிருந்து முன்னால். பதினாறு.

எல்லா இடமும் நிரம்பியிருக்கிறது. கையில் ஒன்று மிச்சமிருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது. பாய் மட்டும் கண்ணாடியை எடுக்காமல் ஐந்தாவது வால்வின் மேலேயே நின்றார். "இத பாரு தம்பி." முன்னாலிருந்து ஐந்தாவது, அதாவது மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட். அதன் இரண்டு லாக்குகளில் ஒன்று மற்ற பதினான்கைப் போலப் பழுப்பேறி இருந்தது. பல வருஷ ஆயில் சூட்டில் காய்ந்து படிந்த நிறம். அதற்குப் பக்கத்தில் இருந்தது மட்டும் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது.

"இது அப்புறமா வந்தது. உன் கையில இருக்கறதுதான் பழசு."

அதற்கப்புறம் பாய் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். யாரோ வால்வு ஸ்பிரிங்கைக் கழற்றியிருக்கிறார்கள். ஹெட்டை இறக்கி மேஜை மேல் வைத்து வேலை செய்திருந்தால் லாக் தரையில்தான் விழுந்திருக்கும்; சம்ப்புக்குள் போக வழியில்லை. ஆக, ஹெட் வண்டியிலேயே இருந்திருக்கிறது. பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றை உள்ளே விட்டு, பிஸ்டனை மேலே ஏற்றினால், கயிறு நசுங்கி வால்வுகளைக் கீழே விழாமல் தாங்கிக்கொள்ளும். அந்தத் தெம்பில் ஸ்பிரிங்கை அமுக்கி லாக்கைக் கழற்றுவார்கள். எதற்கு? வால்வுக் காம்பில் இருக்கும் ரப்பர் சீலை மாற்ற. எப்போது சீலை மாற்றுவார்கள்? காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி நீலப் புகை விட்டால். அப்படி மாற்றும்போது ஒரு லாக் கைநழுவியிருக்கிறது. அம்பாசடரில் ஸ்பிரிங்குகளுக்குப் பக்கத்திலேயே புஷ் ராடு இறங்கும் ஓட்டைகள். அதில் விழுந்தது நேராகக் கீழே போய்விடும். தேடி எடுக்க வேண்டுமென்றால் ஆயிலை இறக்கி, சம்ப்பையும் கழற்ற வேண்டும். கழற்றவில்லை. கடையில் புதுசு ஒன்று வாங்கிப் போட்டு மூடிவிட்டார்கள்.

"அப்புறம் எத்தனையோ தடவ ஆயில் மாத்தியிருப்பாங்களே?"

"சம்ப் நட்டு பக்கவாட்டுல கீது. அடியில பதுங்கினது அவ்ளோ சீக்கிரம் வராது. இன்னிக்கு ஜாக்கி போட்டு ஒரு பக்கம் தூக்கினோம்ல, சாய்ஞ்சு வந்துட்சி."

ஆயில் பம்ப்பின் வாயில் வலை உண்டு. இந்த அளவுத் துண்டு அதைத் தாண்டாது. லாக்கைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். நசுங்கல் இல்லை, கடிபட்ட தடம் இல்லை. சுற்றுகிற எதிலும் மாட்டாமல் அத்தனை நாளும் அடியில் கிடந்திருக்கிறது. இன்னொன்று உள்ளே இருக்குமோ என்று கேட்டேன். "புதுசு ஒண்ணுதானே? அப்ப வுயுந்ததும் ஒண்ணுதான்." இருந்தாலும் கம்பி நுனியில் ஒரு சின்னக் காந்தத்தைக் கட்டி நட்டு ஓட்டை வழியாகத் துழாவினார். எதுவும் ஒட்டவில்லை.

நான் வாத்தியாருக்குப் போன் போட்டேன். ஒத்திகை பார்த்த வசனங்களில் பாதி இன்னும் மிச்சமிருந்தன. "சார், இன்ஜின்ல கை வெச்சதே இல்லன்னு சொன்னீங்களே" என்று ஆரம்பித்தேன்.

"ஹெட் இறக்கினதே இல்லன்னு சொன்னேம்ப்பா. அது நெஜம்தானே?"

ஆமாம், அவர் அதைத்தான் சொல்லியிருந்தார். எனக்கு வேண்டிய வாக்கியமாக அதை நான்தான் மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். புகை வந்ததா என்று கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் வந்ததாம். வெளியூரில் ஒரு பட்டறையில் சரிசெய்தாராம். "இரு, ஃபைல்ல பில் இருக்கு" என்று எடுத்துவந்து வாசித்தார். வால்வு சீல் எட்டு. கேஸ்கெட் ஒன்று. கூலி. அவ்வளவுதான். லாக் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஏம்ப்பா, வண்டியில ஏதாவது பிரச்சினையா?" என்றார். அந்தக் குரலில் உண்மையான கவலை இருந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. தெரியாத ஒன்றை அவர் எனக்கு எப்படிச் சொல்லியிருக்க முடியும்? ஒன்றுமில்லை சார் என்று வைத்துவிட்டேன்.

எனக்குக் கோபம் இப்போது அந்த முகம் தெரியாத மெக்கானிக்கின் மேல் திரும்பியது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன பாய்? பில்லுல ஒரு வரி எழுதியிருந்தா?"

பாய் டீயைக் குடித்து முடித்தார். "நீ வந்து காட்டினதும் நான் எப்டி டக்குனு சொன்னேன், யோசிச்சியா?"

"அனுபவம்."

"நானும் போட்டுகீறேன் தம்பி."

அவர் பதினாறு வயதில் ஒரு லாரிப் பட்டறையில் எடுபிடி. ராத்திரி வேலை. லாக் போடும்போது கை எண்ணெயில் வழுக்கி ஒன்று உள்ளே போய்விட்டது. மேஸ்திரி நாலடி தள்ளித்தான் இருந்தார். ஸ்பேனரால் அடிக்கிற மேஸ்திரி. லோடு ஏற்றக் காத்திருந்த டிரைவர் வேறு கத்திக்கொண்டிருந்தார். இவர் தகர டப்பாவிலிருந்து இன்னொரு லாக்கை எடுத்துப் போட்டு மூடிவிட்டார். லாரி போய்விட்டது. ஒரு மாதம் வரை, பட்டறை வாசலில் எந்த லாரி நின்றாலும் வயிற்றைக் கலக்கும் என்றார். "அது வரவேல்ல. இன்னும் எங்கியாவது ஓடிகினுதான் இருக்கும், இல்ல பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஆனா இன்னிக்கு இத பாத்ததும் அதுதான் திரும்பி வந்துட்சோன்னு இருந்துச்சி."

அவர் இதைச் சொல்லும்போது பையன் தலைநிமிராமல் கவருக்குப் புது கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருந்தான். ஐடிஐ முடித்துவிட்டு வந்த பையன்; பத்தொன்பது வயது இருக்கும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். கேட்டுக்கொண்டுதான் இருந்தான் என்பது அடுத்த பத்து நிமிஷத்தில் தெரிந்தது.

மணி ஆறைத் தாண்டிவிட்டது. மேல்மலையனூர் பஸ்கள் ஆட்களைத் திணித்துக்கொண்டு போகிற ஹாரன் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அம்மா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். கவரை வைத்து நட்டைப் போட வேண்டியதுதான் பாக்கி. பையன் மட்கார்டைப் பார்த்தான், கீழே பார்த்தான், இன்ஜினுக்குள் பார்த்தான். பிறகு மிகவும் மெதுவாகச் சொன்னான்: "பாய், ஒரு வாஷர் கொறையுது."

பாயின் கை நின்றது.

அந்த நொடியில் நான் பேசினேன். யோசித்துப் பேசவில்லை, தானாக வந்தது. "ஒரு வாஷர்தானே பாய்? போனா போவுது, வேற ஒண்ணு போட்டு மூடுங்க. அம்மா காத்துகினு இருக்காங்க, நேரமாவுது."

சொல்லி முடித்ததும் என் காதில் அது வேறு யாருடைய குரலாகவோ கேட்டது. லோடு ஏற்றக் காத்திருந்த அந்த லாரி டிரைவரின் குரல். இரண்டு வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு பட்டறையில், இதே வண்டியின் பக்கத்தில் நின்று, வேறொருவர் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம். அது அந்த வாத்தியாராகவே இருந்திருக்கலாம், பணிவான குரலில், "சாயங்காலம் வண்டி வேணும்ப்பா" என்று. ஒரு மெக்கானிக் வாயை மூடிக்கொள்வதற்கு மேஸ்திரியின் ஸ்பேனர் மட்டும் காரணமில்லை. வேப்பமரத்தடியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற ஆளும் ஒரு காரணம்.

பாய் என்னைப் பார்க்கவில்லை. பையனிடம், "கடைசியா எங்க வெச்ச?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அந்தச் சாதாரணத்துக்கு அவர் முயற்சி செய்ய வேண்டியிருந்தது என்பது தாடை அசைந்ததில் தெரிந்தது. பிறகு மூன்று பேரும் தேடினோம். கவரை மறுபடி எடுத்து, எட்டு புஷ் ராடு ஓட்டைகளிலும் டார்ச் அடித்தோம். பேட்டரிக்குக் கீழே, ரேடியேட்டர் ஓரத்தில், மண்ணில், டின்னில், பனியன் வேஸ்ட் மூட்டையில் எல்லாம் பார்த்தோம். முக்கால் மணி நேரம். அதற்குள் அக்காவும் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பட்டறைக்கு வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேட ஆரம்பித்தாள். கம்பியில் கட்டிய சின்னக் காந்தத்தை பாய் ஒவ்வோர் ஓட்டையிலும் இறக்கி எடுத்தார்.

கடைசியில் பெரிய காந்தத்தால் தரையைத் துழாவலாம் என்று மட்கார்டிலிருந்து ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்தவள் அக்காதான். அதன் அடிப்பக்கத்தில் வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தனை நேரமும் எங்கள் கண் முன்னால், டீ கிளாஸுக்குப் பக்கத்தில்.

பாய் சிரிக்க ஆரம்பித்தார். பையனுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. "சிரிடா" என்றார் பாய். பிறகு வாஷரைத் துடைத்துக்கொண்டே, "சொன்ன பாரு, நல்லாச் செஞ்ச" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வண்டி ஒரே செல்ஃபில் பிடித்தது. புகை இல்லை. அம்மாவை ஏற்றிக்கொண்டு நாங்கள் கிளம்பியபோது ஏழரை மணி. அமாவாசை இருட்டில் மலைகள் இருக்கும் இடமே தெரியவில்லை. அம்மா சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா முன்னால் உட்கார்ந்து அவர்கள் தியேட்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆபரேஷன் ஆரம்பிக்கும் முன் துணி, ஊசி, கருவி எல்லாவற்றையும் இரண்டு பேர் வாய்விட்டு எண்ணுவார்கள். தைத்து மூடுவதற்கு முன் மறுபடி எண்ணுவார்கள். உள்ளே வைக்கிற துணியில் எக்ஸ்ரேயில் தெரிகிற மாதிரி ஒரு நூல் கோர்த்திருக்கும். கணக்கு ஒன்று குறைந்தால் மூடக் கூடாது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைசிகிச்சைக்கு என்று பத்தொன்பது அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. நோயாளி தியேட்டரை விட்டு வெளியே போகும் முன், எண்ணிக்கை சரி என்று நர்ஸ் எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. கத்தி வைப்பதற்கு முன் உள்ளே இருக்கிற எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. "அது எதுக்குடான்னு எனக்கு மொதல்ல புரியல" என்றாள் அக்கா. "தினம் பாக்கற மூஞ்சிங்கதானே? அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒரு தடவ வாயத் தொறந்து பேர சொன்னவ, ஒண்ணு கொறையுதுன்னா மறுபடி வாயத் தொறப்பா. சும்மாவே நின்னவளுக்கு அப்ப தொண்டை அடைச்சுக்கும்."

சேர்ந்த புதிதில் அவளுக்கே ஒருமுறை அப்படி அடைத்திருக்கிறது. ஒரு துணி குறைந்தது. பெரிய டாக்டர் அவசரத்தில் இருந்தார். இவள் சொன்னாளாம், குரலே வரவில்லையாம். "நல்லா எண்ணிப் பாரும்மா" என்று அவர் எரிந்து விழுந்தாராம். ஆனால் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். துணி தரையில் கால்மிதியோடு சுருண்டு கிடந்தது. "உள்ள இல்லவே இல்ல. ஆனா நான் சொன்னது தப்பு இல்ல, பாத்தியா?"

வளத்தியைத் தாண்டும்போதே கூட்டம் தெரிய ஆரம்பித்தது. வண்டியை ரொம்பத் தூரத்தில் நிறுத்திவிட்டு, அம்மாவை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஊஞ்சல் நள்ளிரவில்தான். நான் பட்டறையில் அவ்வளவு அவசரப்பட்டிருக்கவே வேண்டாம்.

அந்த லாக் இப்போது என் வண்டியின் டேஷ்போர்டில் ஒரு மாத்திரை டப்பாவுக்குள் இருக்கிறது. மறுநாள் பட்டறைக்குப் போனபோது, அதோடு வைக்க ஒரு சீட்டு எழுதச் சொல்லி பாய் பையனிடம் கொடுத்தார். பில் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். நான் இந்த வண்டியை என்றைக்காவது விற்பேன். வாங்குகிறவர் இதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு விலையைக் குறைக்கவும் செய்வார். குறைக்கட்டும். பையனின் கையெழுத்து ஐடிஐ நோட்டில் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கிறது. தேதி, கிலோமீட்டர், அதற்குக் கீழே இவ்வளவுதான்:

"சம்ப்பில் வால்வு லாக் 1 கிடைத்தது. முன்பு சீல் மாற்றியபோது விழுந்தது. இன்ஜினில் 16ம் சரியாக உள்ளன. எண்ணிப் பார்த்தோம்."